'எனக்கு ரயில் பிடிக்கும்'னு சொல்ல வெட்கமா?



'கிரிக்கெட் பிடித்தவர்கள் கை தூக்குங்கள்' என்று வகுப்பில் கேட்டால், பாதிப் பேருக்கு மேல் கை தூக்குவீர்கள். 'சினிமா?' என்றால், மொத்த வகுப்பும் தூக்கும். 'ரயில் பிடித்தவர்கள் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கைகள் பாதி வரை எழும்பும். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கிவிடும்!

அப்படிக் கையை இறக்கிக்கொண்டவர் நீங்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கடைசிப் பக்கத்தில் இன்ஜின் நம்பர் எழுதி, யாராவது வந்தால் நோட்டை 'டப்' என்று மூடிவிடுகிறீர்களா? இனி மூட வேண்டாம். உங்களுக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்!

எத்தனை வகை ரசிகர்கள்!

ரயிலை ரசிப்பது உலகம் முழுவதும் உள்ள ஒரு பொழுதுபோக்கு. ஜப்பானில் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அங்கே 'தெட்சு' என்றால் இரும்பு. ரயிலைப் படம் எடுப்பவர் 'தோரி தெட்சு'. ஏறிப் பயணம் செய்வதில் மட்டுமே ஆசை உள்ளவர் 'நோரி தெட்சு'. ரயிலின் சத்தங்களைப் பதிவு செய்பவர்களுக்கும் தனிப்பெயர் உண்டு. கால அட்டவணையைக் கதைப்புத்தகம் போலப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் ரசிகர்களுக்குக் குறைவில்லை. இந்திய ரயில்களை நேசிப்பவர்களுக்காக 'ஐ.ஆர்.எஃப்.சி.ஏ.' என்ற ரசிகர் அமைப்பு, 1989ம் ஆண்டே தொடங்கிவிட்டது. ஆகவே, 'நமக்கு மட்டும் தான் இந்தக் கிறுக்கு' என்று நினைக்காதீர்கள்!

அப்புறம் ஏன் கேலி செய்கிறார்கள்?

இந்தக் கேலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள ரயில் பிறந்த நாடான பிரிட்டனுக்குப் போக வேண்டும்.

லண்டனில், ஒரு ரயில்வே கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தார், இயன் ஆலன் என்ற இளைஞர். சிறு வயதில் ஒரு விபத்தில் காலை இழந்தவர் அவர். 'அந்த இன்ஜினின் எண் என்ன? இந்த இன்ஜினின் பெயர் என்ன?' என்று ரசிகர்களிடம் இருந்து அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்து கொண்டே இருந்தன. பதில் எழுதி எழுதிக் கை வலித்தது. 'எல்லா விபரங்களையும் ஒரே புத்தகமாகப் போட்டால் என்ன?' என்று மேலதிகாரியிடம் கேட்டார். அவர் ஆர்வம் காட்டவில்லை.

இயன் சும்மா இருக்கவில்லை. 1942ல் தானே ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 20. உள்ளே கதை கிடையாது. பெரும்பாலும் இன்ஜின்களின் எண்களும் பெயர்களும் தான். அதை யார் வாங்குவார்கள் என்று நினைக்கிறீர்களா? மளமளவென்று விற்றுத் தீர்ந்தது! தொடர்ந்து மற்ற ரயில்வேக்களுக்கும் புத்தகங்கள் வந்தன. இன்ஜினை நேரில் பார்த்ததும், புத்தகத்தில் அந்த எண்ணின் கீழே கோடு போடுவார்கள் சிறுவர்கள். பிளாட்பாரத்தில் ஒருவர் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே போதும், 'நீயும் நம்ம ஆளா?' என்று நட்பு பிறந்துவிடும்.

1950களில் பிரிட்டனில் சிறுவர்களின் பெரிய பொழுதுபோக்கு இதுதான். பின்னர் நீராவி இன்ஜின்கள் ஓய்வு பெற்றன. சிறுவர்கள் வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டனர். மிச்சம் இருந்த ரசிகர்கள், குளிரிலும் மழையிலும் தொப்பி வைத்த கோட்டு போட்டுக்கொண்டு பிளாட்பார முனையில் நின்றனர். அந்தக் கோட்டின் பெயர் 'அனோரக்'. 1980களில், எதன் மீதாவது அளவுக்கு மீறி ஆசை வைத்தவரை 'அனோரக்' என்று கேலி செய்யும் வழக்கமே வந்துவிட்டது.

கவனித்தீர்களா? முன்பு ஊர் முழுக்கச் செய்தபோது அது விளையாட்டு. சிலர் மட்டும் செய்தபோது அது கேலி. ரயில் மாறவில்லை, ரசிப்பவரும் மாறவில்லை. எண்ணிக்கை தான் மாறியது! கேலிக்கு அவ்வளவுதான் மதிப்பு.

மறைத்தவர்... பிறகு சொன்னவர்!

பிரான்சிஸ் பூர்ஷ்வா என்று ஒருவர் இருக்கிறார். பிரிட்டனைச் சேர்ந்தவர், 2000ம் ஆண்டு பிறந்தவர். சின்ன வயதில் இருந்தே ரயில் என்றால் உயிர். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும், மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, அந்த ஆசையை வெளியில் காட்டாமல் அடக்கி வைத்தார்.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் பழைய ஆசை மீண்டும் எட்டிப் பார்த்தது. ரயில் பார்க்கப் போனார். தன் முகம் தெரியும்படி கேமராவைத் தலையில் மாட்டிக்கொண்டு படம் பிடித்தார். ரயில் ஹாரன் அடித்ததும் அவர் துள்ளிக் குதிக்கிற குதியும், சிரிக்கிற சிரிப்பும் 2021ல் உலகம் முழுக்கப் பரவியது. 'இவர் நடிக்கிறார்' என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அவரோ, சிறு வயதில் இருந்தே ரயில் தனக்குப் பிடிக்கும் என்பதைப் பழைய படங்களைக் காட்டி விளக்கினார். 2022ல் தன் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

அவரைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்ஜின் பற்றி எதுவும் தெரியாது. அவர்களுக்குப் பிடித்தது, ஒளிவுமறைவு இல்லாத அந்தச் சந்தோஷம்தான்!

ஒரு கடிதம் காப்பாற்றிய ரயில்!

மனதில் உள்ளதை நாலு பேரிடம் சொன்னதால், ஒரு ரயில் பாதையே பிழைத்த கதையைக் கேளுங்கள்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் டாலிலின் என்று ஒரு குட்டி ரயில் பாதை. சிலேட்டுக் கற்களை ஏற்றி வர, 1865ல் தொடங்கப்பட்டது. 1946ல் கல் குவாரி மூடப்பட்டது. ஆனாலும், 'நான் உயிரோடு இருக்கும் வரை ரயில் ஓடும்' என்று சொல்லி, நஷ்டத்திலேயே ஓட்டி வந்தார், அதன் உரிமையாளர் ஹேடன் ஜோன்ஸ். அவருக்கோ வயதாகிவிட்டது. அவருக்குப் பிறகு?

அந்த ரயிலை நேசித்தவர்களில் ஒருவர், டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர். 'ஐயோ பாவம்' என்று வீட்டில் உட்கார்ந்து வருத்தப்பட்டிருந்தால், கதை அன்றே முடிந்திருக்கும். அவர் 1949ல், பர்மிங்காம் நகரப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். 'நாமே சேர்ந்து இந்த ரயிலைக் காப்பாற்றலாமே' என்பதுதான் அதன் சாரம். கடிதத்தைப் படித்து, 'எனக்கும் அந்த ரயில் பிடிக்கும்' என்று ஒவ்வொருவராக முன்வந்தனர்.

1950 ஜூலையில் ஹேடன் ஜோன்ஸ் காலமானார். அக்டோபரில் ரசிகர்கள் ஒன்று கூடிச் சங்கம் அமைத்தனர். 1951 மே 14ல் ரயில் மீண்டும் புறப்பட்டது! தொண்டர்கள் சேர்ந்து காப்பாற்றி நடத்திய உலகின் முதல் ரயில் பாதை இதுதான். 1866ல் செய்த 'டோல்கோக்' என்ற வயதான இன்ஜின்தான், அந்த ஆரம்ப நாட்களில் வண்டியை இழுத்தது. டிக்கெட் கொடுக்க, தண்டவாளம் சரிசெய்ய, புல் வெட்ட... எல்லாவற்றுக்கும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்! டாலிலின் ரயில் இன்றும் ஓடுகிறது.

அங்கே 1952ல் தொண்டராக கார்டு வேலை பார்த்தவர்களில் ஒருவர், பாதிரியார் ஆட்ரி. யார் அவர் என்கிறீர்களா? உங்கள் தம்பி, தங்கைகள் டிவியில் பார்க்கிற நீல நிற 'தாமஸ்' இன்ஜின் இருக்கிறதே, அதைப் படைத்தவரே அவர்தான்! அம்மை போட்டுப் படுத்திருந்த தன் மகனுக்குச் சொன்ன ரயில் கதைகள்தான், 1945 முதல் புத்தகங்களாக வந்தன. 'பெரியவர் ஆகி, பாதிரியார் ஆகியும் ரயில் கதையா?' என்று அவர் வெட்கப்பட்டிருந்தால், நமக்குத் தாமஸ் கிடைத்திருக்குமா?

மறைத்தால் ஆபத்து!

குட்டீஸ், இது ரொம்ப முக்கியம். ஆசையை மறைப்பவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டில் டியூஷன் என்று சொல்லிவிட்டு, தனியாகத் தண்டவாளம் பக்கம் போவார்கள். அங்கே ஏதாவது நடந்தால் யாருக்கும் தெரியாது. மின்சார ரயில் சத்தமே இல்லாமல் நெருங்கிவிடும். ஒரு ரயிலையே பார்த்துக் கொண்டிருக்கும்போது, அடுத்த தண்டவாளத்தில் இன்னொன்று வந்துவிடும். மேலே போகும் மின்கம்பியில் பாய்வது 25 ஆயிரம் வோல்ட்!

இயன் ஆலன் காலத்திலும் இந்தச் சிக்கல் வந்தது. டாம்வொர்த் என்ற ஊரில், சிறுவர்கள் ரயில் பாதைக்குள் அத்துமீறி நுழைந்து மாட்டிக்கொண்டனர். அப்போது இயன் ஆலன், ரசிகர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 'ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைய மாட்டேன்' என்று உறுதி சொன்னால்தான் உறுப்பினர் ஆகலாம். ஒளிந்து பார்த்தவர்கள், பேட்ஜ் குத்திக்கொண்டு பெருமையாகப் பார்க்கும் ரசிகர்கள் ஆனார்கள்.

எனவே நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, அம்மா, அப்பாவிடம்தான். எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு, யாருடன், எப்போது திரும்புவீர்கள்... எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெரியவர் ஒருவரோடு, பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். படம் எடுக்க ஆசை என்றால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி கேளுங்கள். 'எங்களுக்கு ரயில் ரொம்பப் பிடிக்கும் சார்' என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். பல நேரம், உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றை அவரே சொல்லித் தருவார்.

நண்பர்களிடம் எப்படிச் சொல்வது?

* நம்பர் மழை பொழியாதீர்கள்: 'டபிள்யூ.ஏ.பி.7, டபிள்யூ.ஏ.ஜி.9...' என்று அடுக்கினால், நண்பர் ஓடியே போய்விடுவார். ஒரே ஒரு சுவையான விஷயம் போதும். ஊருக்கு ரயிலில் போகும் நண்பரிடம், 'பெட்டியின் வெளிப்பக்கம் பெரிதாக எழுதியுள்ள எண்ணைப் பார். முதல் இரண்டு இலக்கங்கள்தான், அந்தப் பெட்டி பிறந்த வருஷம். 19 என்று இருந்தால் 2019' என்று சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக, அவர் பயணம் செய்த பெட்டியின் வயதை உங்களிடம் சொல்வார்!

* உதவி செய்யுங்கள்: எந்த ரயில் எங்கே நிற்கும், எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி அல்லவா? விடுமுறைக்கு ஊர் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள். கேலி செய்தவரும் உங்களைத் தேடி வருவார்.

* நீங்களும் கேளுங்கள்: உங்கள் நண்பருக்குத் தபால்தலை பிடிக்கலாம், பறவைகள் பிடிக்கலாம். அவர் பேசும்போது நீங்கள் கொட்டாவி விட்டால், உங்கள் ரயிலை அவர் எப்படிக் கேட்பார்?

* கேலி செய்தால்: 'ஆமாம்ப்பா, நான் ரயில் பைத்தியம்தான்!' என்று சிரித்துவிட்டுப் போங்கள். நாம் மறைப்பதைத்தான் மற்றவர்கள் கிண்டுவார்கள். நாமே சொல்லிவிட்டால், கிண்ட என்ன இருக்கிறது? அதையும் மீறி மனம் நோகும்படி தொடர்ந்தால், ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லத் தயங்காதீர்கள்.

* பெண் குழந்தைகளே: 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இன்ஜின்?' என்று யாராவது கேட்டால், சுரேகா யாதவ் பற்றிச் சொல்லுங்கள். 1980களின் இறுதியில் ரயில்வேயில் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுனர் என்ற பெயர் பெற்றவர். 2023ல் வந்தே பாரத் ரயிலையும் ஓட்டியவர்!

* எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை: புரிந்துகொள்ளும் ஒருவரிடம் சொன்னாலே போதும். ஸ்டேஷனில் முன்பின் தெரியாத யாராவது, 'இன்ஜின் காட்டுகிறேன் வா' என்று அழைத்தால் மட்டும் போகவே கூடாது.

இன்ஜின் எழுத்து சொல்லும் ரகசியம்

இன்ஜின் பக்கவாட்டில் 'டபிள்யூ.ஏ.பி.7' என்று எழுதி இருக்கும். அதன் பொருள் இதோ:

டபிள்யூ - அகலப்பாதை. ஒய் என்றால், மீட்டர் பாதை.

ஏ - ஏ.சி. மின்சாரத்தில் ஓடுவது. டி என்றால், டீசல்.

பி - பயணிகள் வண்டி இழுப்பது. ஜி என்றால், சரக்கு வண்டி.

7 - அந்த வகையில் எத்தனையாவது மாடல் என்பது.

அப்படியானால், 'டபிள்யூ.டி.ஜி.4' என்பது என்ன? நீங்களே கண்டுபிடியுங்கள்!

சென்னைக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், பெரம்பூர் ஐ.சி.எஃப். அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 2002ல் திறக்கப்பட்டது அது. திருச்சி பக்கம் இருந்தால், அங்கும் ஒரு ரயில் அருங்காட்சியகம் உண்டு. தனியாகப் போகாமல், ரயில் பற்றி ஒன்றுமே தெரியாத நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அந்தப் பழைய நீராவி இன்ஜின் சக்கரத்தின் பக்கத்தில் நின்று, அவர் தன் உயரத்தை அளந்து பார்ப்பார். பிறகு, 'ஏய், இது எப்படிடா ஓடும்?' என்று கேட்பார் பாருங்கள்... அப்போது ஆரம்பியுங்கள், உங்கள் கதையை!

அடுத்த முறை வகுப்பில் 'யாருக்கு ரயில் பிடிக்கும்?' என்று கேட்டால், கையை நன்றாக உயர்த்துங்கள். பின் பெஞ்சில் இருந்து இன்னொரு கையும் எழும்பலாம்!