ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு கணக்கு

தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அங்கே எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் கதிர்கள் நோயாளியின் நெஞ்சைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடுகின்றன. ஆனால் விண்மீன்களிலிருந்து வரும் அதே வகைக் கதிர்கள் அந்தக் கட்டடத்தின் கூரையைக்கூடத் தொடுவதில்லை. தலைக்கு மேலுள்ள காற்று, பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான எடை கொண்டது. அவ்வளவு தடித்த நெஞ்சு எவருக்கும் இல்லை. அதனால்தான் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் எக்ஸ் கதிர் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட் 650 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பப்பட்டது. மருத்துவமனையில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஃபோட்டான்கள், அதாவது கதிரின் துகள்கள், கூட்டமாகக் கொட்டுகின்றன; அவற்றை யாரும் எண்ணுவதில்லை, நிழலின் அடர்த்தி போதும். வானத்திலிருந்து அவை பெரும்பாலும் ஒன்றொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் எப்போது, எங்கே, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று கருவி குறித்துவைக்கிறது. இதைக் கேட்டால், தொலைநோக்கி ஃபோட்டானின் ஆற்றலை நேரடியாக அளந்துவிடுகிறது என்றே தோன்றும். உண்மையில் அது அளப்பது, அந்த ஃபோட்டான் தனக்குள் கிளப்பிய சலசலப்பை மட்டுமே.

ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மென் எக்ஸ் கதிர் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் கேமரா பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கேமராவின் சிலிக்கான் சில்லு சுமார் மைனஸ் 80 டிகிரியில் குளிர்ந்து கிடக்கிறது. ஃபோட்டான் ஒன்று அதில் விழுங்கப்பட்டதும் ஒரு எலக்ட்ரான் விடுபட்டு ஓடி, வழியெங்கும் மற்ற எலக்ட்ரான்களைத் தட்டியெழுப்புகிறது. ஏறத்தாழ 3.65 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஒன்று வீதம் அவை கிளம்பும். சில்லின் மூலைகளில் படும்படி இரும்பு-55 ஐசோடோப்பை வைத்திருக்கிறார்கள். அதன் கதிருக்கு 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். அது விழுந்தால் சுமார் 1,600 எலக்ட்ரான்கள் எழும். ஆனால் ஒவ்வொரு முறையும் 1,600 அல்ல. ஒருமுறை பத்துப் பதினைந்து கூடும், மறுமுறை அவ்வளவு குறையும். மின்னணுச் சுற்றின் இரைச்சலும் சேர்ந்துகொள்ள, ஆற்றல் வரைபடத்தில் கூர்மையான ஒரு கோடாக வரவேண்டியது சுமார் 150 எலக்ட்ரான் வோல்ட் அகலமான மேடாக விரிகிறது. சில நேரம் சிலிக்கான் அணுவே 1.74 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்றை உமிழ்ந்து தப்பவிட்டுவிடும். அப்போது கணக்கில் 4.16 என்று ஒரு பொய் உச்சி முளைக்கிறது. அப்படியொரு கதிர் எந்த விண்மீனிலிருந்தும் வந்திருக்காது.

ஒளி மிகுந்தால் வேறொரு தொல்லை. சில்லைப் படித்து முடிக்கச் சுமார் 2.4 நொடி ஆகிறது. அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்தால் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடைச்சீட்டு தந்த இயந்திரத்தின் மேல் இரண்டு பேர் சேர்ந்து ஏறினால் ஒரே சீட்டு, கூட்டு எடையோடு வருமே, அதேதான். பிரகாசமான விண்மீன் இருப்பதைவிட மங்கலாகவும், அதன் கதிர்கள் இருப்பதைவிட வலியவையாகவும் பதிவாகின்றன. எனவே ஆய்வாளர்கள் படத்தின் நடுப்பகுதியை, அதாவது மிக அதிக ஒளி விழுந்த இடத்தை, வெட்டியெறிகிறார்கள். ஒளிக்காக ஏங்கும் துறையில் இது வேடிக்கைதான்.

எந்த ஆற்றல் எப்படிச் சிதறும் என்ற அட்டவணை கையில் இருக்கிறதே, அதைத் தலைகீழாக்கி மூலக்கதிரைக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. பத்து ஃபோட்டான்களை எண்ணினால் அதிலேயே மூன்று கூடலாம், குறையலாம். கணக்கைத் திருப்பும்போது இந்தத் தடுமாற்றம் பெருத்து, விடை முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே விண்மீன் இப்படி ஒளிர்கிறது என்று முதலில் அனுமானித்து, அதை அட்டவணை வழியே செலுத்தி, வரும் விடையைப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். விடையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு கணக்குப் போடுவது மோசடி இல்லையா? அட்டவணையையும் அதே விண்மீனிலிருந்து எடுத்திருந்தால் மோசடிதான். அது ஆய்வகத்திலும் இரும்பு-55 கொண்டும் தனியே அளக்கப்படுகிறது. அதோடு ஆஸ்ட்ரோசாட்டில் சிலிக்கான், செனான் வாயு, காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்று வெவ்வேறு பொருளாலான கருவிகள் ஒரே விண்மீனை ஒரே நேரத்தில் பார்க்கின்றன. ஒவ்வொன்றும் தன் வழியில் பிழை செய்யும். தவறான அனுமானம் மூன்றையும் ஒருசேரத் திருப்திப்படுத்துவது அரிது. செனான் கருவிகள் மூன்றில் ஒன்று வாயுக் கசிவால் நிலைகொள்ளாமல் போய், 2018 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஃபோட்டான்கள் அதன்மேல் விழாமல் இல்லை. விழுந்தால் அது என்ன சொல்லும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று. ஃபோட்டானைப் பிடிப்பது பாதி வேலைகூட இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மேலும் துல்லியமான கருவி வந்தால் இந்தச் சுற்றுவழி தேவைப்படாது என்பவர்கள், 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஜப்பானின் எக்ஸ்ரிஸம் தொலைநோக்கியைப் பார்க்கலாம். தனிச்சுழியத்தை ஒட்டிய குளிரில் வைத்து, ஃபோட்டான் தரும் வெப்பத்தையே அளக்கும் அதன் கருவி, சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அதன் முன்னுள்ள அடைப்புக் கதவு விண்ணில் திறக்கவில்லை. கதவிலுள்ள பெரிலியத் தகட்டைத் தாண்டித்தான் கதிர்கள் வருகின்றன, 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ளவை ஏறக்குறைய முழுவதும் அதிலேயே நின்றுவிடுகின்றன. தகடு எவ்வளவு விழுங்குகிறது என்பதும் அட்டவணையில் ஒரு பகுதியாகிவிட்டது. மேலேயுள்ள ஆற்றல்களில் வேலை நடக்கிறது. கீழேயுள்ளவற்றுக்கு, அதே செயற்கைக்கோளில் பொருத்தியிருக்கும் பழைய பாணிச் சிலிக்கான் சில்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.