சுருதி சேர்ந்தால் போதுமா?

பொழுதுபோக்காக மெல்லிசைக் குழு தொடங்குவோர் பலர். அதைக் கட்டிக் காப்போர் சிலரே. குழு உடைந்ததும், "அவனுக்குத் தலைக்கனம்" என்று ஒருவரையொருவர் ஏசுவது வழக்கம். ஆனால் பல பூசல்களுக்கு வித்து மனத்தில் இல்லை, மேடையில் இருக்கிறது.

முதலாவது, சுருதி. ஆர்மோனியத்தின் ரீடுகளை நினைத்தபோது திருத்த இயலாது. கிதார் கம்பியோ வெப்பத்தில் தளரும். ஆகவே கிதார்தான் ஆர்மோனியத்திற்கு இணங்க வேண்டும்; இதில் மான அவமானம் இல்லை. மேலைநாட்டு வாத்தியக் குழுக்களிடையேயும் இந்த வழக்கு இருந்தது. 1939இல் இலண்டனில் கூடிய மாநாடு 'ஏ' சுரத்திற்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என வகுத்தது.

இரண்டாவது, ஓசை. ஒலிபெருக்கிகள் அவையை நோக்கியே நிற்கின்றன. கிதார் முழங்கும்போது பாடகருக்குத் தம் குரலே கேட்பதில்லை, அவர் கத்துகிறார். தபேலாக்காரர் ஓங்கி அடிக்கிறார்; கிதார் மேலும் உயர்கிறது. இங்கே குறை செவிக்கே அன்றிச் செருக்கிற்கு அன்று. ஒரு சிறு ஒலிபெருக்கியை, மைக்கின் பின்புறமாக, பாடகர் பக்கம் திருப்பி வைத்தால் பாதிச் சண்டை ஓயும்.

மூன்றாவது, ஒத்திகைக்குப் பிந்தி வருவதும், வாத்திய வாடகையை ஒருவர் தலையிலேயே கட்டுவதும். இதற்கு விஞ்ஞானத்தில் மருந்தில்லை. நேரத்தையும் பங்கையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஊதியமில்லாத குழுவில் ஒருவரை நிறுத்தி வைப்பது, மற்றவர் அவருக்குத் தரும் மதிப்பு ஒன்றுதான். அது குறைந்தால், சுருதி சேர்ந்தும் பயனில்லை.