குர்ஸுரா புகட்டும் பாடம்

விசாகப்பட்டணத்துக் கடற்கரையில் 'குர்ஸுரா' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் கரையேற்றப்பட்டு நிற்கிறது. 2002-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் முதல் அது ஒரு காட்சிச்சாலை. ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். ஓய்வு பெற்ற கடற்படையினர் அறை அறையாகக் காட்டி விளக்குகிறார்கள். வேடிக்கை பார்ப்பது குற்றமன்று. ஆனால் வேடிக்கையோடு திரும்பிவிடுவது போதாது. இக் கப்பலின் சரித்திரத்தில் தேசத்துக்கு ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்வது நமது கடமை என்று கருதுகிறோம்.

குர்ஸுரா பிறந்த இடம் சோவியத் ரஷ்யா. 1950-க்குப் பின் ரஷ்ய நிபுணர்கள் வகுத்த 641-ம் திட்டப்படி அமைந்தது அது. மேல்நாட்டார் அவ்வகைக் கப்பல்களை 'பாக்ஸ்டிராட்' என்று அழைத்தார்கள். நீளம் 91 மீட்டர். டீசல் எஞ்சின்கள் 3. மின்சார மோட்டார்கள் 3. டார்ப்பீடோக் குழாய்கள் முன்புறம் 6, பின்புறம் 4. ஏந்திச் செல்லக்கூடிய டார்ப்பீடோக்கள் 22.

டீசல் எஞ்சின் ஓடுவதற்குக் காற்று வேண்டும். நீருக்குள்ளே காற்று ஏது? ஆகையால் கப்பல் மேலே மிதக்கும்போதோ, மூச்சுக்குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு செல்லும்போதோ டீசலை ஓட்டிப் பாட்டரிகளில் மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஆழத்தில் முழுகிய பிறகு அந்தச் சேமிப்பே அதற்கு உயிர். அது தீர்ந்தால் மேலே வந்தே தீரவேண்டும். சத்துரு காத்திருந்தாலும் வந்தே தீரவேண்டும்.

1969 டிசம்பர் 18-ந் தேதி ரீகா துறைமுகத்தில் அதன்மீது நமது கொடி ஏறிற்று. 1967 யுத்தத்தால் சூயஸ் கால்வாய் அடைபட்டிருந்தபடியால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு தாயகம் வந்து சேர்ந்தது. 1971-ம் வருஷ யுத்தத்தில் அரபிக்கடலில் காவல் புரிந்தது. இதுவரை பெருமைதான்.

பிறகு நேர்ந்தது என்ன? பெரும் பழுது பார்க்கவேண்டிய காலம் வந்தது. அதற்கான அனுமதி தாமதப்பட்டது. 1975-ல் குர்ஸுரா வேலையினின்று விலக்கப்பட்டது. அதன் உறுப்புகளைக் கழற்றி மற்ற நீர்மூழ்கிகளுக்குப் பொருத்தினார்கள். தன் உடன்பிறப்புகள் ஓடுவதற்காகத் தன் அங்கங்களை ஈந்து, 1980 வரை அது முடங்கிக் கிடந்தது. பின்னர் சோவியத் ரஷ்யாவுக்கே திரும்பிச் சென்று பழுது பார்க்கப்பட்டு, 1982-ல்தான் குணமடைந்தது. போர் புரியப் பிறந்த கப்பல் ஏறக்குறைய ஏழாண்டுகள் போருக்கு உதவாமற்போயிற்று. அதை வீழ்த்தியது எந்தச் சத்துருவின் குண்டு? ஒன்றுமில்லை. உதிரி உறுப்புக்கும் பழுதுக்கும் பிறர் கையை எதிர்பார்த்த நிலைமையே அதை வீழ்த்தியது.

ஆயுதத்தை விலைக்கு வாங்கலாம். ஆற்றலை வாங்க முடியாது. இதை உணர்ந்தே பம்பாய் மஜகான் துறையில் ஜெர்மானியர் வகுத்த முறைப்படி கப்பல் கட்டத் தொடங்கினோம். 1992-ல் 'சால்கி' கடற்படையில் சேர்ந்தது. இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி அதுவே. 1994-ல் 'சங்குல்' வந்தது. அத்துடன் வேலை நின்றது. பேரத்தைப் பற்றிப் புகார் எழுந்ததும், மேற்கொண்டு கட்டுவது கைவிடப்பட்டது. தவறு செய்தவன் எவனாயினும் தண்டிக்கட்டும். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் அரும்பாடுபட்டுக் கற்ற தொழிலை ஏன் தண்டிக்க வேண்டும்? அத் துறையிலிருந்து அடுத்த நீர்மூழ்கியான 'கல்வரி' கடற்படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். இடையில் கழிந்தவை 23 ஆண்டுகள்! அதற்குள் கை தேர்ந்த தொழிலாளி கிழவனாகிவிடுகிறான். அவனிடம் கற்கவேண்டியவன் வேறு பிழைப்புத் தேடிப் போய்விடுகிறான். புதிய கப்பலுக்கும் வகுப்புமுறை பிரெஞ்சுக்காரரிடமிருந்தே வரவேண்டியதாயிற்று.

குர்ஸுரா 31 ஆண்டுகள் உழைத்து, 73,500 கடல் மைல் சென்று, 2001 பிப்ரவரி 27-ந் தேதி ஓய்வு பெற்றது. அதைக் காணச் செல்லும் அன்பர்கள் டார்ப்பீடோக் குழாயைப் பார்ப்பதோடு பாட்டரி அறையையும் நினைவில் வைக்கட்டும். ஆழத்தில் முழுகிய கப்பலுக்குத் தன் சேமிப்பைத் தவிர வேறு துணையில்லை. ஆபத்தில் முழுகிய தேசத்துக்கும் அப்படியே. அறிவும் தொழிலும் நம் துறைமுகங்களிலேயே இடையறாது சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். அச் சேமிப்பு இல்லாத தேசத்துக்கு எத்தனை கப்பல் இருந்தும் பயனில்லை.