அடீனியம்: தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

செடி எபிசோட் போட்டதுல இருந்து வர்ற கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "அடீனியம் வாங்கினேன், ரெண்டு மாசம் நல்லா பூத்துச்சு, மழை ஆரம்பிச்சதும் இலை மஞ்சளாகி கொட்டுது, அடித்தண்டு மெத்து மெத்துன்னு ஆகுது, தண்ணி இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊத்தலாமா?"

வேணாம். கையில சொம்பு இருந்தா கீழ வச்சிட்டு மீதியக் கேளுங்க.

முதல்ல இந்தச் செடி எந்த ஊர்க்காரர்னு பார்த்துடலாம், ஏன்னா பிரச்சினையோட முக்கால்வாசி அங்கதான் இருக்கு. நர்சரியில பாலைவன ரோஜான்னு சொல்லி விப்பாங்க. ரோஜாவுக்கும் இதுக்கும் எந்த சொந்தமும் கிடையாது. இது அரளி குடும்பம். நித்யகல்யாணியும் அதே குடும்பம்தான். ஆப்பிரிக்காவுல சஹாராவுக்குத் தெற்கே, செனகல்ல ஆரம்பிச்சு சூடான், எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியா வரைக்கும் இது காட்டுச்செடி. கடலைத் தாண்டி ஏமன், ஓமன் பக்கமும் உண்டு. 18-ம் நூற்றாண்டுல டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு ஒரு ஆய்வுக் குழுவை அனுப்பினார். அதுல போன தாவரவியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கோல், லின்னேயஸோட மாணவர். 1763-ல ஏமன்லயே மலேரியா வந்து இறந்துட்டார். குழுவுல போன ஆறு பேர்ல உயிரோட திரும்பினது கார்ஸ்டன் நீபூர் ஒருத்தர்தான். அவர்தான் நண்பரோட குறிப்புகளை 1775-ல புத்தகமா கொண்டு வந்தார். அதுல இந்தச் செடியை ஃபோர்ஸ்கோல் அரளியோட ஒரு வகைன்னுதான் எழுதி வச்சிருந்தார். அடீனியம்னு தனிப் பேரினமா பிரிச்சது அதுக்கப்புறம், 1819-ல. பூவைப் பார்த்து இல்ல, இலையையும் பாலையும் பார்த்தா நமக்கும் அரளிதான் ஞாபகம் வரும். அந்தப் பால் விஷயத்துக்குப் பின்னாடி வர்றேன்.

சஹேல் பகுதியில மழை வருஷத்துல மூணு நாலு மாசம்தான். மீதி மாசமெல்லாம் வறட்சி. அதனால இந்தச் செடி பெய்யுற மழையை அடித்தண்டுலயும் வேர்லயும் குடிச்சு வச்சுக்கும். பானை மாதிரி உருண்டு நிக்குதே, காடெக்ஸ்னு சொல்றாங்க, அதான் அதோட தண்ணித்தொட்டி. மொட்டை மாடியில சின்டெக்ஸ் நிறைஞ்சு நிக்கும்போது யாராவது மோட்டார் போடுவாங்களா? நாம தினமும் காலையில போடுறோம். எங்க வீட்டுல மட்டும் இல்ல, பெரும்பாலான வீடுகள்ல அம்மாக்களுக்கு ஒரு க்ரான் ஜாப் ஓடும்: காலையில காபி, அப்புறம் துளசிக்குத் தண்ணி, அப்படியே வரிசையா எல்லாத் தொட்டிக்கும் ஒரு சொம்பு. ஒரு தொட்டியை மட்டும் தாண்டிப் போறது பாவம்னு தோணும். துளசிக்கு அது சரி. அடீனியத்துக்கு நேரம் பார்த்து ஊத்தக் கூடாது, நிலைமையைப் பார்த்து ஊத்தணும். விரலை ரெண்டு இஞ்ச் மண்ணுக்குள்ள விடுங்க. ஈரம் தெரிஞ்சா நடையைக் கட்டுங்க. முழுசா காய்ஞ்சிருந்தா, கீழ ஓட்டை வழியா வடியுற அளவுக்கு நல்லா ஊத்துங்க. தினமும் கால் டம்ளர் ஊத்துறதை விட இது எவ்வளவோ மேல். ஏப்ரல், மே வெயில்ல நல்லா வடியுற மண்ணா இருந்தா ரெண்டு நாளைக்கு ஒரு தடவைகூட கேட்கும். நவம்பர்ல ரெண்டு வாரம் கேட்காது.

அதிகத் தண்ணி ஏன் கொல்லுதுன்னா, வேருக்கு மூச்சு விட ஆக்சிஜன் வேணும். அது மண்துகள்களுக்கு நடுவுல இருக்கிற காத்துல இருந்து வருது. அந்த இடம் முழுக்க நாள்கணக்குல தண்ணி நின்னா வேர் மூச்சுத் திணறி சாகும். செத்த வேருக்குள்ள பூஞ்சை நுழையும், அங்க இருந்து மேல ஏறி அந்தப் பானைக்குள்ள வரும். சென்னையோட வருஷ மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடுது. செடிக்கு வெயில் இல்லாம, இலை வேலை செய்யாம, தண்ணித் தேவையே குறைஞ்சிருக்கிற அதே நேரத்துல. அதனால வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதே தொட்டியைக் கூரைக்குக் கீழ நகர்த்திடுங்க. மழையில நனைஞ்சா என்ன, இயற்கைதானேன்னு கேட்கிறவங்களுக்கு: அது இந்த ஊர் இயற்கை, செடி அந்த ஊரு.

சரி, மெத்துன்னு ஆன அடித்தண்டு. இங்கதான் நிறைய பேர் தப்பான மருந்து கொடுக்கிறாங்க. ஏன்னா தாகத்துலயும் அது மெத்துன்னு ஆகும், அழுகினாலும் மெத்துன்னு ஆகும். ஒரே எரர் மெசேஜ், ரெண்டு வேற வேற பக். பிரிச்சுப் பார்க்க விரல் போதும். தாகம்னா பானை முழுக்க ஒரே மாதிரி தளர்ந்திருக்கும், தோல் சுருங்கும், மண் எலும்பா காய்ஞ்சிருக்கும், தொட்டியைத் தூக்கினா லேசா இருக்கும். நல்லா ஒரு தடவை ஊத்தினா சில நாள்ல மறுபடி கல்லு மாதிரி ஆயிடும். அழுகல் அப்படி இல்ல. ஒரு பக்கம் கெட்டியா இருக்கும், இன்னொரு பக்கம் அழுத்தினா அதிகமா பழுத்த சப்போட்டா மாதிரி விரல் உள்ள போகும். மண் ஈரமா இருக்கும். இலை மஞ்சளாகி உதிரும். முத்திப் போச்சுன்னா வாடையும் வரும். ஈர மண், ஒரு பக்கம் மட்டும் மெத்து: இந்த ரெண்டும் சேர்ந்திருந்தா நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. இதுல ஒரு ராத்திரி கூட கணக்குல வரும்.

செடியைத் தொட்டியில இருந்து வெளிய எடுத்து, மண்ணை உதறி, வேரைக் கழுவுங்க. அழுகின இடத்தை வெட்டுங்க. மனசு கேட்காது, ஆனா உள்ள சுத்தமான வெள்ளைச் சதை தெரியுற வரைக்கும் வெட்டணும். ஒரு சின்ன பழுப்புப் புள்ளி மிச்சம் வச்சாலும் அங்க இருந்து மறுபடி பரவும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல கத்தியை ஸ்பிரிட்டால துடைங்க. அப்புறம் வெட்டின இடத்துல பூஞ்சைக்கொல்லி பவுடர் தடவி, காத்தோட்டமான நிழல்ல சும்மா போட்டு வைங்க. ஒரு வாரம், பத்து நாள், வெட்டு பெருசா இருந்தா இன்னும் கூட. மண்ணே இல்லாம வெளிய கிடக்குதேன்னு பதறாதீங்க, சின்டெக்ஸ்ல தண்ணி இருக்கு. வெட்டு காய்ஞ்சு தோல் கட்டினதும் காய்ஞ்ச மண்கலவையில நட்டு, சில நாள் கழிச்சுத்தான் முதல் தண்ணி. பாதிப் பானை போனாலும் மீதிப் பாதி பிழைக்கும். வேர் எல்லாமே போய், மேல இருக்கிற கிளை மட்டும் கெட்டியா இருந்தா அதை வெட்டிக் காய வச்சு நடலாம். வேர் விடும், பூக்கும், ஆனா விதையில இருந்து வந்த செடி மாதிரி அந்தத் தொப்பை அழகா வராது.

இப்போ அந்தப் பால். தான்சானியாவுல ஹட்சான்னு ஒரு வேட்டைச் சமூகம் இருக்காங்க. அவங்க அம்பு நுனியில தடவுற விஷங்கள்ல ஒண்ணு அடீனியத்துல இருந்து எடுக்கிறதுதான். ஆப்பிரிக்காவுல வேற பல இடங்கள்லயும் இந்தப் பழக்கம் உண்டு. இந்தப் பால்ல இருக்கிற கிளைக்கோசைடு வகை ரசாயனம் இதயத் தசை செல்லுல சோடியம், பொட்டாசியத்தை உள்ள வெளிய தள்ளுற பம்ப்பை நிறுத்தும். துடிப்போட தாளம் தப்பும். இதயநோய்க்குக் கொடுக்கிற டிஜாக்சின் மாத்திரையும் இதே வழியிலதான் வேலை செய்யுது, அதுக்கு அளவு உண்டு, இதுக்குக் கிடையாது. பயமுறுத்துறதுக்காகச் சொல்லல. தொட்டா ஒண்ணும் ஆகாது, கை கழுவினா போதும். ஆனா வெட்டும்போது கையுறை போடுங்க, கண்ணைத் தேய்க்காதீங்க, சமையல் கத்தியை இதுக்கு எடுக்காதீங்க. தவழுற குழந்தையோ, இலையைக் கடிக்கிற பூனை நாயோ வீட்டுல இருந்தா தொட்டி எட்டாத உயரத்துல இருக்கணும். அப்படி உயரம் இல்லாத வீடுன்னா வேற செடி வாங்குங்க, இதைத் தட்டிக்கழிக்காமச் சொல்றேன். குழந்தை கடிச்சிட்டா கை வைத்தியம் எதுவும் வேணாம், செடியோட போட்டோவை எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி.

மண்ணைப் பத்தி யூடியூப்ல ஆளுக்கு ஒரு ரெசிபி. எனக்கு ஒரே டெஸ்ட்தான்: மேல ஊத்தின தண்ணி சில நொடியில கீழ வரணும். பருமணல் அல்லது பெர்லைட் பாதி, மீதியில கொஞ்சம் செம்மண், கொஞ்சம் மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அதைக் குறைச்சே போடுங்க. நர்சரியில இருந்து வர்ற செடி பல நேரம் முழுக்க கோகோபீட்லதான் இருக்கும். வாங்கி ஒரு வாரம் கழிச்சு மாத்திடுங்க. தொட்டி அகலமா, ஆழம் கம்மியா இருக்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தும்போது பானையை ஒரு இஞ்ச் மேல தூக்கி நட்டா, பருத்த வேர்கள் வெளிய தெரிய ஆரம்பிக்கும். கடையில ஆயிரக்கணக்குல விலை சொல்ற உருவம் பெரும்பாலும் இப்படி வருஷாவருஷம் தூக்கி நட்டதுதான்.

பூக்கலைன்னு கேட்கிறவங்களுக்கு என் முதல் கேள்வி, உங்க பால்கனி எந்தப் பக்கம்? நேரடி வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வேணும். வடக்குப் பார்த்த பால்கனியில இலை மட்டும் நீளமா வளரும். வெயில் இருந்தும் பூக்கலைன்னா கவாத்து பண்ணுங்க. பூ கிளை நுனியிலதான் வரும், ஒரு நுனியை வெட்டினா ரெண்டு மூணு கிளை வெடிக்கும். குளிர் போனதும், பிப்ரவரி மார்ச் வாக்குல பண்றது நல்லது. தழைச்சத்து அதிகமான உரம் போட்டா இலைதான் கொழுக்கும், அதையும் பாருங்க.

ஒட்டுக்கட்டின செடியா இருந்தா, ஒட்டுக்குக் கீழ முளைக்கிற கிளையைக் கிள்ளிடுங்க, இல்லைன்னா அடியில இருக்கிற நாட்டு ரகம் மேல இருக்கிறதை அமுக்கிடும். தைவான், தாய்லாந்து ரகங்கள், மூணு அடுக்கு இதழ் எல்லாம் போட்டோவுக்குப் பிரமாதம். எனக்கென்னவோ ஒத்தை இதழ்தான் பிடிக்கும். அடுக்கு மொட்டு ஈரக்காத்துல விரியாமலே கருகுறதைப் பார்த்தா பாவமா இருக்கு.

பூச்சியில மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். ஒரே ராத்திரியில இலையெல்லாம் காணோம்னா, இலைக்கு அடியில பச்சையா, முன்பக்கம் ரெண்டு பெரிய கண்ணு மாதிரி புள்ளியோட ஒரு புழு இருக்கும். அரளியைத் தின்னுற அந்துப்பூச்சியோட புழு அது, விஷம் அதை ஒண்ணும் பண்ணாது. எடுத்துப் போடுங்க, இலை திரும்ப வந்துடும்.

அதிர்ஷ்டம் இருந்தா ஜோடியா ஆட்டுக்கொம்பு மாதிரி காய் பிடிக்கும். பிடிச்ச உடனே அதை நூலால லேசா சுத்திக் கட்டுங்க, இல்லைன்னா வலைத்துணியைப் போடுங்க. பழுத்ததும் அது வெடிச்சு, ரெண்டு முனையிலயும் பஞ்சு முடி வச்ச விதை பறந்து பக்கத்து வீட்டு பால்கனிக்குப் போயிடும். புது விதைன்னா ஒரு வாரத்துக்குள்ள முளைக்கும். அம்மா செடியோட நிறமேதான் வரும்னு எதிர்பார்க்காதீங்க, பூத்தாத்தான் தெரியும்.