இஸாக்காயா: ஒரு பூஞ்சை படைத்த விருந்து

மாலை மணி ஆறு. டோக்கியோ மாநகரின் ஷின்ஜுக்கு ரயில் நிலையத்திலிருந்து மக்கள் வெள்ளமெனப் புறப்படுகின்றனர். உலகிலேயே மிகுதியான பயணிகள் வந்து செல்லும் நிலையம் எனப் பெயர் பெற்றது அது. அதன் மேற்குப் பக்கத்தில், வானளாவிய கட்டடங்களுக்கு அருகே ஒரு குறுகிய சந்து உண்டு. எதிரெதிரே இருவர் வந்தால் தோளோடு தோள் உரசும். இரு பக்கமும் சின்னஞ்சிறு கடைகள். வாசலில் சிவப்புக் காகிதக் கூண்டு விளக்குகள். உள்ளே கரியடுப்பிலிருந்து இறைச்சி சுடும் மணம் எழுகிறது. அலுவலகம் முடிந்தவர்கள் துணித் திரையை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே நுழைகின்றனர்.

இச்சந்தின் பெயர் ஒமோயிதே யோகோச்சோ. 'நினைவுச் சந்து' என்று பொருள். 1945-இல் போர் முடிந்தபின், இடிபாடுகளுக்கு நடுவே தோன்றிய கள்ளச் சந்தையே இதன் தொடக்கம். உணவுப் பொருள்களெல்லாம் பங்கீட்டில் கட்டுண்டு கிடந்த அந்நாளில், மாடு, பன்றி ஆகியவற்றின் குடலையும் ஈரலையும் குச்சியில் கோத்துச் சுட்டு விற்றுப் பிழைத்தனர். 1999-இல் தீ விபத்து ஒன்று சந்தின் ஒரு பகுதியை அழித்தது. ஆயினும் கடைகள் மீண்டும் எழுந்தன.

இத்தகைய கடைகளை ஜப்பானியர் 'இஸாக்காயா' என்பர். 'இ' என்றால் இருத்தல். 'ஸாக்காயா' என்றால் மதுக்கடை. ஆக, உட்கார்ந்து அருந்தும் கடை எனலாம். எடோ காலத்தில் (1603–1868) மதுவை அளந்து வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்வதே வழக்கமாக இருந்தது. சிலர் கடையிலேயே நின்று குடிக்கத் தொடங்கினர். கடைக்காரர் தொட்டுக்கொள்ள ஏதேனும் கொடுத்தார். நாளடைவில் அந்தத் தொடுகறியே கடையின் பெருமையாயிற்று. இன்று நல்ல இஸாக்காயா எது என்று கேட்டால், மதுவைவிட உணவைச் சொல்லியே அடையாளம் காட்டுவார்கள்.

மேசைக்கு வருபவை

உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத் துண்டு வரும். அடுத்து, நாம் கேளாமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதோ ஒரு கறி வரும். இதற்கு 'ஒத்தோஷி' என்று பெயர். இது இலவசமன்று, இருக்கைக் கட்டணம் போல இதற்கும் விலை உண்டு. இதை அறியாத வெளிநாட்டார், கணக்குச் சீட்டு வந்ததும் திகைப்பதுண்டு.

பின்பு சிறு சிறு தட்டுகளாக உணவு வரத் தொடங்கும். உப்பிட்டு வேகவைத்த பச்சை சோயா மொச்சை, சோயா பாலைத் திரித்துச் செய்த டோஃபு, மெல்லிய துண்டுகளாக அரிந்த பச்சை மீன், குச்சியில் கோத்துச் சுட்ட கோழி, காய்கறி ஊறுகாய், ஆவி பறக்கும் சாறு என்று வரிசை நீளும். எதுவும் ஒருவருக்கென்று வருவதில்லை. நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்வர். முடிவில் சோற்றில் தேநீர் ஊற்றி உண்பதும், வேறு கடைக்குப் போய் நூடுல்ஸ் சாப்பிடுவதும் வழக்கம். நள்ளிரவை ஒட்டிய கடைசி ரயில்தான் விருந்துக்கு முற்றுப்புள்ளி.

பல்வகைப் பட்டதாகத் தோன்றும் இந்த விருந்துக்குப் பின்னால் ஒரே சமையற்காரர் மறைந்திருக்கிறார். மீனைத் தொட்டுக்கொள்ளும் சோயா சாறு, சாற்றில் கரைத்த 'மிஸோ' விழுது, கோழிமேல் பூசிய 'மிரின்' என்னும் இனிப்பு மது, ஊறுகாயில் ஊற்றிய அரிசிக் காடி, கோப்பையில் உள்ள 'ஸாக்கே' மது ஆகிய எல்லாம் அவர் கைவேலையே. அவர் ஒரு பூஞ்சை. அறிவியலார் இட்ட பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. ஜப்பானியர் அப்பூஞ்சை படர்ந்த தானியத்தைக் 'கோஜி' என்கின்றனர்.

கோஜியின் வேலை

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் ஓரிரு நிமிடம் மெல்லுங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி, சோற்றின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்குவதே காரணம். பண்டைய ஜப்பானில் அரிசியை மென்று உமிழ்ந்து, அதைக் கலத்தில் புளிக்கவைத்து மது செய்யும் வழக்கமும் இருந்தது! ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தை உண்ணத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். அதை யாரேனும் உடைத்துத் தர வேண்டும். பிற்காலத்தில் அந்த வேலையை வாயிடமிருந்து பூஞ்சை எடுத்துக்கொண்டது.

கோஜி செய்யும் முறை இது. தீட்டிய அரிசியை ஆவியில் வேகவைத்து, இளஞ்சூட்டுக்கு ஆற்றி, அதன்மேல் பூஞ்சையின் வித்துக்களைத் தூவுவார்கள். வெப்பமும் ஈரமும் நிறைந்த அறையில் ஏறக்குறைய இரண்டு நாள் வைத்திருப்பார்கள். ஒவ்வோர் அரிசியிலும் வெண்பஞ்சு படர்ந்து, இனிய மணம் வீசும். பூஞ்சைக்கு வாய் இல்லை. ஆகவே அது நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரிக்கச் செய்து, பின்பு உறிஞ்சுகிறது. அமிலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. புரோட்டியேஸ் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கிறது. பூஞ்சை தனக்கெனச் செரித்ததை மனிதன் தட்டிப் பறித்துக்கொள்கிறான்!

பார்லியிலிருந்து பீர் செய்வோர் முதலில் சர்க்கரையை உண்டாக்கி, அடுத்த கட்டத்திலேயே ஈஸ்ட்டைச் சேர்ப்பர். ஸாக்கே தொட்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கோஜி ஒரு பக்கம் சர்க்கரையைச் சிறிது சிறிதாக விடுவிக்க, ஈஸ்ட் மறுபக்கம் அதை ஆல்கஹாலாக மாற்றுகிறது. சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்து ஈஸ்ட்டைத் திணறச் செய்வதில்லை. அதனால் காய்ச்சி வடிக்காமலேயே ஆல்கஹால் 20 விழுக்காட்டை எட்டிவிடும். பிறகு நீர் சேர்த்து 15 அல்லது 16 விழுக்காட்டுக்குக் குறைப்பர். மது கெடாதிருக்க அதை மிதமாகச் சூடாக்கும் முறையையும் ஜப்பானியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டனர். பாஸ்டர் அதை விளக்கியதோ 1860-களில்தான்.

இன்னொரு வியப்பு. வேர்க்கடலையில் படர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் கொடிய நச்சை உண்டாக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சை, கோஜியின் நெருங்கிய உறவினர். நூற்றாண்டுகளாக நல்லதைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததன் பயனாக, நச்சை உண்டாக்காத ஒரு கால்வழி வீட்டுப் பூஞ்சையாக மாறியது. காட்டு ஓநாயிலிருந்து வீட்டு நாய் வந்தது போலத்தான். 2005-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. 2006-இல் ஜப்பானின் மது வடிப்பியல் கழகம் இதனைத் 'தேசியப் பூஞ்சை' என அறிவித்தது. கோஜியைக் கொண்டு மது செய்யும் மரபுக் கலையை 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஐந்தாவது சுவை

இஸாக்காயாவின் உணவில் நெய்யும் மிளகாயும் மிகுதியாக இல்லை. ஆயினும் நாவில் ஒரு நிறைவு தங்குகிறது. ஏன்?

1908-இல் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிக்குனாயே இக்கேதாவும் இதே கேள்வியைக் கேட்டார். சாறு செய்ய ஜப்பானியர் 'கொம்பு' என்ற உலர்ந்த கடற்பாசியைப் பயன்படுத்துவர் (நம் மாட்டுக் கொம்பு அன்று!). அச்சாற்றின் சுவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்கவில்லை. அவர் கடற்பாசியைப் பகுத்து, அதிலுள்ள குளுட்டாமிக் அமிலமே காரணம் எனக் கண்டார். அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913-இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொதாமா, புகையிட்டு உலர்த்திய சூரை மீனில் இனோசினிக் அமிலம் அதே சுவையைத் தருவதைக் கண்டறிந்தார். இந்த உலர்மீனை மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பு எனலாம். பின்னர் 1950-களில் அக்கிரா குனினாக்கா ஷிட்டாக்கே காளானில் உள்ள குவானிலிக் அமிலத்தின் சுவையை ஆராய்ந்தார். குளுட்டாமேட்டுடன் இவற்றுள் ஒன்று சேர்ந்தால் சுவை வெறும் கூட்டலாக அல்லாமல் பல மடங்காகப் பெருகுகிறது என்பதையும் காட்டினார். கடற்பாசியும் கருவாடும் ஒரே பானையில் வேகும் இரகசியம் இதுவே.

புரதத்துக்குத் தனியே சுவை குறைவு. அதன் மூலக்கூறு நாவின் சுவை ஏற்பிகளில் பொருந்த முடியாத அளவுக்குப் பெரியது. கோஜியின் நொதி அதை உடைத்தபின் குளுட்டாமிக் அமிலம் விடுபடுகிறது. மாதக்கணக்கில் ஊறிய சோயா சாறும் மிஸோவும் நாவில் நிறைவு தருவதன் காரணம் இதுதான்.

கோழியைச் சுடுவதிலும் வேதியியல் இருக்கிறது. தேர்ந்த கடைகளில் 'பிஞ்ச்சோத்தான்' என்னும் கெட்டியான கருவாலிக் கரியைப் பயன்படுத்துவர். ஒன்றோடொன்று தட்டினால் உலோகம் போல ஒலிக்கும். அதிகப் புகையும் சுவாலையும் இன்றிக் கனன்று, அகச்சிவப்புக் கதிர்களால் இறைச்சியின் மேற்பரப்பை விரைவில் சூடாக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும் அச்சூட்டில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. 1912-இல் இதனை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெய்யாரின் பெயரால் இது மெய்யார் வினை எனப்படுகிறது. இறைச்சிமேல் பூசும் சோயா சாறும் மிரினும் அவ்வினைக்கு வேண்டிய இரு பொருள்களையும் தருகின்றன.

முகம் ஏன் சிவக்கிறது?

விருந்து தொடங்கிய சிறிது நேரத்தில் மேசையில் ஒரு வேற்றுமை தெரியும். ஒரே அளவு அருந்தியவர்களில் சிலர் முகம் மட்டும் செக்கச் சிவந்துவிடும். நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கும்.

உடலில் ஆல்கஹால் இரண்டு படிகளில் சிதைகிறது. முதற்படியில் ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடு ஆக்குகிறது. இது நச்சுப் பொருள். இரண்டாம் படியில் ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதைத் தீங்கற்ற அசிட்டேட் ஆக்குகிறது. ஜப்பானியரில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு இந்த இரண்டாம் நொதி மரபு வழியிலேயே பழுதுபட்டது. அதன் நீண்ட சங்கிலியில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் லைசின் அமர்ந்துவிட்டது. நாவுக்குச் சுவை தந்த அதே அமினோ அமிலம் இங்கே ஓரிடத்தில் இல்லாமற் போனதே இத்தனைக்கும் காரணம்! நொதி வேலை செய்யாததால் அசிட்டால்டிஹைடு இரத்தத்தில் தேங்கி, குருதிக் குழாய்களை விரியச் செய்கிறது. முகம் சிவக்கிறது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்றவரால் பெரும்பாலும் குடிக்கவே இயலாது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நிலைதான் ஆபத்தானது. அவர் தொல்லையைப் பொறுத்துப் பழகிக்கொள்ள முடியும். ஆனால் பழகுவது மனம்தான், நொதி மாறுவதில்லை. இவ்வாறு பழகி மிகுதியாகக் குடிப்போருக்கு உணவுக் குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. சிவந்த முகம் கேலிக்குரியதன்று. உடல் காட்டும் அபாய விளக்கு அது.

இங்கேதான் விருந்தின் இருண்ட பக்கம் தெரிகிறது. மேலதிகாரி ஊற்றிக் கொடுத்தால் மறுக்கக் கூடாது என்ற எண்ணம் ஜப்பானிய அலுவலகங்களில் நெடுநாள் நிலவியது. மாணவர் கூட்டங்களில் "இக்கி, இக்கி!" என்று கைதட்டி, ஒரே மூச்சில் கோப்பையைக் காலி செய்யத் தூண்டுவதும் 1980-களில் பரவியது. கல்லீரல் ஒரு மணிக்குச் சில கிராம் ஆல்கஹாலையே சிதைக்க வல்லது. மொத்தமாக உள்ளே போனால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியே மங்கிவிடும். இளைஞர் பலர் இவ்வாறு இறந்திருக்கின்றனர். டோக்கியோவில் மட்டும், கடும் ஆல்கஹால் நச்சினால் ஆம்புலன்சில் மருத்துவமனை சேர்ந்தவர்கள் பல ஆண்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டினர்.

மதுவுடன் உணவு உண்ணும் வழக்கம் ஓரளவு காக்கிறது. ஆல்கஹால் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் அது சிறுகுடலை அடையத் தாமதமாகும். ஆனால் அளவை உணவு குறைப்பதில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 500 மில்லி பீரில் 25 மில்லி ஆல்கஹால் உண்டு. அதன் அடர்த்தி 0.8 ஆதலால் எடை 20 கிராம். 2024-இல் ஜப்பானிய நல்வாழ்வு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு ஆணுக்கு 40 கிராமும் பெண்ணுக்கு 20 கிராமும் எட்டினாலே நோய் வாய்ப்பு உயர்வதாகக் கூறுகிறது. குறைவாக அருந்துவதும் முற்றிலும் தீங்கற்றதன்று என்பதே இன்றைய மருத்துவ முடிவு. அந்நாட்டில் 20 வயது நிரம்பாதவர் மது அருந்தச் சட்டம் இடம் தருவதில்லை.

குடிக்காதவரின் இருக்கை

மது ஒத்துக்கொள்ளாதவரைக் குறிக்க ஜப்பானிய மொழியில் 'கெக்கோ' என்ற பழைய சொல் உண்டு. மரபணுவை அறியாத காலத்திலேயே இவ்வேற்றுமையை அம்மக்கள் கவனித்திருக்கின்றனர். இன்று இஸாக்காயாவில் கெக்கோக்கள் தேநீர்க் குவளையுடன் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவர்கள் எதையேனும் இழக்கின்றார்களா? சோயா சாறு, மிஸோ, கடற்பாசிச் சாறு, கரியில் சுட்டதன் மணம், நண்பர் பேச்சு யாவும் அவர்களுக்கும் உண்டு.

கோஜியையும் சோற்றையும் மட்டும் இளஞ்சூட்டில் வைத்தால் 'அமசாக்கே' என்னும் இனிய பானம் கிடைக்கும். அதில் ஈஸ்ட் சேராததால் போதை இல்லை, குழந்தைகளும் பருகுவர். ஆல்கஹாலைத் தருவது ஈஸ்ட். இனிமையைத் தருவது கோஜி. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்திருப்பதால் இரண்டும் ஒன்றே என்று எண்ண வேண்டியதில்லை. நினைவுச் சந்தின் கடைகளுக்கு மக்களை மாலைதோறும் இழுக்கும் சுவையில் பெரும்பங்கு கோஜியுடையதே.