நூல் பிடித்துப் பாருங்கள்

திசையன்விளையிலிருந்து உவரிப் புனித அந்தோணியார் திருத்தலத்திற்குக் குடும்பம் குடும்பமாக மக்களை ஏற்றிச் சென்ற வண்டிகளில் அம்பாசிடர் காருக்கு ஒரு தனி இடம் உண்டு. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய அந்த வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும் தந்தை ஓட்டிய வண்டி, திருமணத்தன்று மணமக்களைக் கோவிலுக்குக் கொண்டுசென்ற வண்டி என்று, அதை விற்க மனமின்றிப் பேணிவருகிற வீடுகள் இன்னும் உண்டு. அத்தகைய குடும்பங்களுக்கு ஒரு சிறு காரியத்தை இங்கே விளக்க விரும்புகிறோம். காரியம் சிறியதுதான். ஆனால் அதை அலட்சியம் செய்தால் நடுவழியில், கொளுத்தும் வெயிலில், முதியோரும் குழந்தைகளும் இறங்கி நிற்க நேரிடும்.

பழைய அம்பாசிடர்களில் மின்சாரம் தயாரிக்க டைனமோ என்னும் கருவியே இருந்தது. எஞ்சின் மெல்ல ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது. இரவில் முன்விளக்கும், மழையில் வைப்பரும் சேர்ந்து இயங்கினால் பாட்டரி இளைத்துப்போகும். ஆகவே வண்டி வைத்திருப்போர் பலர் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரைப் பொருத்திக்கொண்டனர். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தனது வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்கத் தொடங்கியபின், இக்கருவி உலகெங்கும் பரவியது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அது மின்சாரம் தரும். எனவே மாற்றியது நல்லதே. ஆனால் மாற்றிய விதத்தில்தான் பல வண்டிகளில் கோளாறு நுழைந்துவிடுகிறது.

எஞ்சினின் முன்புறத்தில் மூன்று சக்கரங்களைச் சுற்றி ஒரே பெல்ட் ஓடுகிறது. கீழே இருப்பது கிராங்க் புல்லி. எஞ்சினின் சுழற்சியைப் பெல்ட்டுக்குக் கொடுப்பது அதுவே. மேலே இருப்பது காற்றாடியையும் வாட்டர் பம்பையும் சுழற்றும் புல்லி. பக்கத்தில் இருப்பது ஆல்டர்னேட்டர் புல்லி. இந்த மூன்றின் பள்ளங்களும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே தளத்தில் அமைய வேண்டும். டைனமோவுக்கென்று செய்த பிராக்கெட்டில் வேறோர் அளவுள்ள ஆல்டர்னேட்டரை மாட்டும்போது, அதன் புல்லி இரண்டு நூல் முன்னே துருத்திக்கொண்டோ பின்னே அமுங்கியோ நிற்பது வழக்கம். கண்ணுக்கு அது தெரிவதில்லை. பெல்ட்டுக்குத் தெரியும்.

பெல்ட் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால் இதன் முக்கியம் விளங்கும். ஆப்பு வடிவிலுள்ள அந்தப் பெல்ட், பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை. தன் இரு பக்கங்களால் புல்லியின் சுவர்களைக் கவ்விப் பிடித்தே இழுக்கிறது. புல்லி கோணலாயின், ஒரு பக்கம் மட்டும் தேயும். நூல் நூலாகப் பிரியும். ரப்பர் தூள் கறுப்பாகப் படியும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் கீச்சென்று ஓலமிடும். முற்றினால் பெல்ட் புரண்டு வெளியே விழும், அல்லது அறுந்துபோகும். அறுந்தால் நிற்பது மின்சாரம் மட்டுமன்று. வாட்டர் பம்பும் காற்றாடியும் நின்றுவிடும். அந்நிலையில் சில மைல் ஓட்டினாலே எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கெட் எரிந்துபோகக்கூடும். பெல்ட்டின் விலை எங்கே, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் செலவு எங்கே! வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் வருமானம்.

நம் பகுதிக்கென்று வேறு இரண்டு தொல்லைகளும் உண்டு. தேரிக்காட்டுச் செம்மணல் பள்ளத்தில் புகுந்து உப்புத்தாள்போல் பெல்ட்டைத் தேய்க்கும். கடலோர உப்புக்காற்று, நிறுத்தி வைத்த வண்டியின் புல்லியில் துரு ஏற்றும். கோணலான பெல்ட்டுக்கு இவை இரண்டும் எமன்.

கீச்சொலி கேட்டவுடன் பெரும்பாலோர் செய்வது என்ன? “அண்ணாச்சி, பெல்ட் தளர்ந்திருக்கு, கொஞ்சம் இழுத்து வையுங்க” என்று பட்டறையில் சொல்வதுதான். இழுத்து வைத்தால் சத்தம் சில நாட்கள் அடங்கும். ஆனால் கோணல் அப்படியே இருக்கும். அதோடு, அளவுக்கு மீறிய இழுவிசை ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் தின்னத் தொடங்கும். பெல்ட்டின்மேல் சோப்பைத் தேய்ப்பதும் இத்தகைய வைத்தியமே. அது நோயின் வாயைப் பொத்துகிறதேயன்றி நோயைத் தீர்ப்பதில்லை.

சரியான முறை இதுதான். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். டைனமோவை மாற்றும்போது இதை அறியாமல் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால் அதனுள்ளிருக்கும் டையோடுகள் எரிந்துபோகும். தோளில் துண்டு, தொங்கும் முந்தானை இவற்றோடு எஞ்சின் அருகே எவரும் நிற்கலாகாது.

முதலில் ஒவ்வொரு புல்லியையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் அச்சு ஆடினாலோ, ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டின் துளை தேய்ந்திருந்தாலோ, அதைச் சரிசெய்த பின்பே மேலே செல்ல வேண்டும். ஆடுகிற அச்சுக்கு நேர்க்கோடு பார்ப்பது, ஓடுகிற நிழலுக்கு அளவெடுப்பது போலாகும்.

அடுத்து, கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். வளையாத இரும்புப் பட்டை ஒன்றையோ, இறுக்கிய நூலையோ கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து, மற்றப் புல்லிகள்வரை நீட்டிப் பாருங்கள். புல்லிகளின் விளிம்புக் கனம் வேறுபடலாமாதலால், விளிம்பை மட்டும் நம்பாமல் பள்ளத்தின் நடுவையே ஒப்பிட வேண்டும். கிராங்க் புல்லியும் வாட்டர் பம்ப் புல்லியும் நிலையானவை; நகர்த்தத்தக்கது ஆல்டர்னேட்டர் மட்டுமே. ஓரடி இடைவெளிக்கு அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் வரையிலான வேறுபாட்டைப் பொறுக்கலாம். அதற்கு மேல் கூடாது.

புல்லி பின்னே அமுங்கியிருந்தால், பிராக்கெட்டுக்கும் ஆல்டர்னேட்டர் காதுக்கும் இடையே தக்க கனமுள்ள வாஷரை வைத்து அதை முன்னே கொணரலாம். பல மெல்லிய வாஷர்களை அடுக்குவதைவிட, லேத் பட்டறையில் அளவாகக் கடைந்த ஒரே வளையம் நிலைத்து நிற்கும். புல்லி முன்னே துருத்தியிருந்தால், அதன் பின்னேயுள்ள வளையத்தைக் குறைக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டரின் சிறு காற்றாடி எதிலும் உராயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறாகப் புல்லிக்குப் பின்னே வளையம் சேர்த்தால், நட் முழுமையாக மறையில் ஏறுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

புல்லிகள் நேராக இருந்தும் ஒன்றின் முகம் மட்டும் சாய்ந்து நின்றால், குற்றம் பெரும்பாலும் மேலேயுள்ள இழுவைப் பட்டையில் இருக்கும். அந்தப் பட்டை ஆல்டர்னேட்டரோடு ஒரே தளத்தில் சேராவிட்டால், நட்டை இறுக்க இறுக்க அது கருவியை ஒருபுறம் முறுக்கிவிடும். அங்கேயும் ஒரு வாஷரே மருந்து.

பெல்ட்டை மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திணிக்காதீர்கள். ஆல்டர்னேட்டரை நன்றாகத் தளர்த்தினால் தானே ஏறும். பெல்ட்டின் அகலம் பள்ளத்திற்குப் பொருந்த வேண்டும். பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் தேய்ந்துவிட்டது, அல்லது அளவு தவறானது என்று அறியலாம். இழுக்கும்போது ஆல்டர்னேட்டரின் பின் உடலில் நெம்பினால் அலுமினியம் விரியும். புல்லி இருக்கும் முன் பக்கத்திலேயே நெம்புகோலை வைக்க வேண்டும். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குவது போதுமான இறுக்கமாகும். இறுக்கியபின் மறுபடி நூல் பிடித்துப் பாருங்கள். இறுக்கும்போதே நேர் மாறுவது உண்டு. புதுப் பெல்ட் சற்று நீளும் இயல்புடையதாதலால், சில நாட்கள் ஓட்டியபின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்ப்பது நலம்.

எஞ்சினைக் கிளப்பித் தள்ளி நின்று கவனியுங்கள். பெல்ட் நடுங்காமல், ஓலமிடாமல், கோடு கிழித்தாற்போல் ஓடினால் வேலை முடிந்தது. இதில் தயக்கமுள்ளோர் நல்ல மெக்கானிக்கையே நாடலாம். ஆனால் “இழுத்து வையுங்கள்” என்று சொல்வதற்கு முன் “நூல் பிடித்துப் பாருங்கள்” என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

புது வண்டி வாங்கினால் பங்குத் தந்தையிடம் கொண்டுசென்று மந்திரிப்பது நம் நல்ல வழக்கம். அந்த ஆசீரைப் பெற்ற வண்டியை ஒழுங்காகப் பேணுவதும் அதில் ஏறும் உயிர்களுக்கு நாம் செய்யும் கடமையே.

இந்தப் பாடம் வண்டியோடு முடிவதுமில்லை. வீட்டில் கீச்சொலி எழுந்தால் நாமும் முதலில் இறுக்கத்தானே பார்க்கிறோம்? மகன் சொல் கேட்கவில்லையெனில் கட்டளைகள் கூடுகின்றன. கணவன் மனைவியிடையே மனத்தாங்கல் வந்தால் குரல் உயர்கிறது. சத்தம் அடங்கலாம், உள்ளே தேய்மானம் தொடரும். இஸ்ராயேல் மக்கள் நடுவே ஆண்டவர் தூக்குநூலைப் பிடித்து நிற்பதைத் தீர்க்கதரிசி ஆமோஸ் கண்டார். எஞ்சினில் அசையாத புல்லியை வைத்தே மற்றதை நேராக்குகிறோம். குடும்பத்தில் அசையாதது எது என்பதை நாம் அறிவோம். மாலையில் ஒன்றாக அமர்ந்து செபமாலை சொல்லும் அந்தச் சில நிமிடங்களில், நான் எங்கே சாய்ந்து நிற்கிறேன் என்று ஒவ்வொருவரும் தம்மைப் பார்த்துக்கொண்டால், இறுக்க வேண்டியது மிகக் கொஞ்சமே இருக்கும்.