ஊன்றிய பல்லின் ஆயுள்

ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர், தமது பணிக்கொடையில் ஒரு பங்கைச் செலவிட்டு, இழந்த கடைவாய்ப் பற்கள் இரண்டின் இடத்திலே செயற்கைப் பற்களை ஊன்றுவித்துக் கொண்டார். "இனி இவை சுடலை மட்டும் என்னோடு வரும்" என்று நம்மிடம் பெருமையோடு கூறியதுமுண்டு. ஆறாண்டுகளுக்குள் அவற்றுள் ஒன்று ஆடத் தொடங்கிவிட்டது. "நான் ஏமாந்துவிட்டேனா?" என்று அவர் வினவியபோது உடனே விடையளிக்க நம்மால் இயலவில்லை. நூல்களைப் புரட்டவேண்டியதாயிற்று.

சுவீடன் தேசத்துப் பேராசிரியர் பிரனெமார்க் 1952ஆம் ஆண்டளவில் பல்லைப் பற்றி ஆராயவேயில்லை. எலும்பினுள் இரத்தம் ஓடும் வகையைக் காணவே, முயலின் கால் எலும்பில் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியொன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது, அது எலும்போடு ஒட்டிப்போய் வர மறுத்தது! இடையூறாகத் தோன்றிய அதுவே புதிய சிகிச்சைக்கு வித்தாயிற்று. 1965இல் தாடைக் குறைபாடுடைய ஒருவருக்கு அவர் முதன்முதலாக இவ்வுலோக வேர்களை ஊன்றினார். அம்மனிதர் 2006இல் காலமாகும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்குப் பயன்பட்டன.

ஆகவே நண்பரின் நம்பிக்கை வீணன்று. பத்தாண்டுகள் கடந்தபின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வேர்கள் நிலைத்து நிற்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வேர் வேறு, அதன்மேல் அமரும் பல்முடி வேறு. மெல்லும் வேலை முழுவதையும் தாங்கும் முடி தேயும், உடையும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதை மாற்ற நேரிடுவது இயல்பே. முடியைப் பிணைக்கும் திருகாணி தளர்ந்தாலும் பல் ஆடும். அதை வைத்தியர் முறுக்கிவிடலாம். வேரே எலும்பை விட்டு நெகிழ்ந்துவிட்டாலோ, அகற்றுவதன்றி வேறு வழியில்லை. நண்பருக்கு நேர்ந்தது இரண்டாவதே.

உலோகத்திற்குச் சூத்தை பிடிப்பதில்லை. அதனாலேயே அதைத் துலக்க வேண்டுவதில்லை என்றெண்ணுவோர் பலர். கிருமிப் படலம் உலோகத்திலும் படியும். அதனால் முரசு அழலும்; அழற்சி ஆழ இறங்கினால் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். முரசளவில் உள்ளபோதே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். கரைந்த எலும்பை மீட்பது அரிது. செயற்கைப் பல்லுக்கு நரம்பில்லையாதலால், சூத்தைப் பல்லைப்போல வலித்து நம்மை வைத்தியரிடம் துரத்துவதுமில்லை. துலக்கும்போது கசியும் இரத்தமே அநேகமாக முதல் எச்சரிக்கை. நண்பரும் அதைக் கண்டிருக்கிறார். கண்டு பற்பசையை மாற்றியிருக்கிறார்!

காலையும் இரவும் மென்மையான தூரிகையால் முரசோரம்வரை துலக்குதல், பல்லிடைத் தூரிகையாலோ நூலாலோ இடுக்குகளைச் சுத்தஞ்செய்தல், வைத்தியர் குறித்த தவணையிலே சென்று காட்டுதல் என்பனவே பராமரிப்பு. வேண்டியபோது அவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து எலும்பின் மட்டத்தைப் பார்ப்பார். புகைபிடிப்போருக்கும், கட்டுப்படாத நீரிழிவுடையோருக்கும், முன்பு முரசு நோயினாலேயே பல்லை இழந்தோருக்கும் அபாயம் அதிகம். பின்னவர் நிலைதான் சிந்திக்கத்தக்கது; எந்தப் பழக்கம் இயற்கைப் பல்லைப் போக்கிற்றோ, அதே பழக்கத்தோடு பெருந்தொகை கொடுத்துப் புதுப்பல் பெறுகின்றனர். நித்திரையில் பல் நறநறப்போர் அதையும் வைத்தியரிடம் மறையாது சொல்லவேண்டும்.

நண்பர் முதலாண்டின்பின் ஒரு தவணைக்கும் போனதில்லை. "வலியில்லையே, எதற்குப் போவது?" என்பது அவரது நியாயம். ஆடிய வேரை எடுத்தாயிற்று. எஞ்சிய ஒன்றின் எலும்பு இன்னும் உறுதியாகவே இருக்கிறதாம். இப்போது அவரது சட்டைப்பையிலே, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அருகில், பல்லிடைத் தூரிகை ஒன்றும் இருக்கக் காண்கிறோம்.